ஓராள் வழி

எங்கள் கடைத்தெருவில் மாலையானால் தோளோடு தோள் இடிக்கும். ஆனால் ஆள் எண்ணும் கருவியைக் கேட்டால், தெரு காற்று வாங்குகிறது என்று சொல்லும். அது ஏன் என்றுதான் முதலில் எனக்கு விளங்கவில்லை.

எனக்கும் தம்பிக்கும் ஒரே வேலை, கடைத்தெரு மேற்பார்வை. வேறு வேறு நகராட்சி. எந்த ஊர்க் கடைத்தெருவில் நடமாட்டம் அதிகம் என்று ஆண்டுதோறும் ஒப்பிடுவார்கள். எப்போதும் அவன் ஊர்தான் முதல். "ஏண்ணே, உங்க ஊர்ல எல்லாருக்கும் கால் சுளுக்கா?" என்று போனில் சிரிப்பான். பக்கத்திலிருந்து அம்மாவும் சிரிப்பாள். எனக்கு வயிறு எரியும். நானும் சிரிப்பேன்.

கருவி எளிமையானதுதான். ஒரு கம்பத்திலிருந்து எதிர்க் கம்பத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றை போகும். ஓர் உடம்பு அதை மறைத்தால் எண்ணிக்கையில் ஒன்று கூடும். இருவர் சேர்ந்து மறைத்தாலும் ஒன்றுதான். அவன் ஊர் நடைபாதை குறுகல். ஒருவர் பின் ஒருவராகப் போவார்கள். எங்கள் தெரு அகலம், கைகோத்துப் போவார்கள். மேலிடத்தில் இதைச் சொல்லியிருக்கலாம். தோற்றவன் சொல்லும் சாக்கு என்று அதற்கும் சிரித்திருப்பான்.

ஆகவே கருவி இருக்கும் தெருமுனையில் இரும்புத் தடுப்பு போட்டு, ஓராள் நுழையும் வழி மட்டும் விட்டேன். மறுமுனை சுவர், உள்ளே போகவும் வெளியே வரவும் அது ஒன்றுதான் வாசல். தடுப்பின் நடுவே வண்டி போக ஓர் அகலக் கதவு உண்டு, ஆனால் அதற்குப் பூட்டு, சாவி என்னிடம். எண்ணிக்கை மளமளவென்று ஏறியது.

தம்பி நம்பாமல் நேரிலேயே வந்துவிட்டான். தடுப்பைத் தட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே இது, மாட்டுக்கொட்டகையா? ஒரு அவசரம்னா ஜனம் எப்படி வெளிய வரும்?"

"வரிசையா வரும்."

"நல்லா வரும் போங்க" என்று சொல்லிவிட்டு, அம்மாவுக்குச் செருப்பு வாங்க உள்ளே போனான்.

சற்று நேரத்தில் உள்ளே ஒரு கடையில் தீப்பிடித்தது. என் அலுவலகச் சன்னலுக்கு நேர் கீழேதான் தடுப்பு. எல்லாரும் அங்கே வந்து நெருக்கினார்கள். தம்பி போன் செய்தான்.

"அண்ணே, கதவத் தொறங்கண்ணே. நசுங்குறோம்."

முதல்முறையாக அவன் குரலில் சிரிப்பு இல்லை. சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது.

அவனும் இன்னும் சிலரும் அன்று வெளியே வந்தவர்கள் கணக்கில் சேரவில்லை.

ஏன் இறங்கிப் போகவில்லை என்று கேட்கிறீர்கள். எண்ணிக்கை ஓடும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெரு அப்போதுதான் அவன் ஊரைத் தாண்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்திருந்தால் இரண்டு பேர், மூன்று பேராகச் சேர்ந்து ஓடியிருப்பார்கள். கருவி அவர்களை ஒருவராகத்தான் எண்ணியிருக்கும்.