ஆரஞ்சு விளக்கில் தின்னர்

"அலோ... அலோ, கேக்குதா... ஆங், நான்தான். டீ டைம் வுட்டாங்க. இன்னாயா, இத்தினி தபா கூப்ட்டுகிற..."

சுங்குவார்சத்திரம் கம்பெனிக் கேன்டீனின் பின்பக்கம், கை கழுவும் தொட்டியோரம் ஜெர்சி நின்றாள். வேலை நடக்கும் லைனுக்குள் போன் ஆகாது. லாக்கரைத் திறந்தால் வில்சனின் மிஸ்டு கால்கள். ஒரகடம் கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்ததென்று வீட்டுக்கு அனுப்பிய நாள் முதல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் புருஷன், தானாக ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"உடம்புக்கு ஒண்ணுமில்லியே... ம்... ம்... அப்பறம் இன்னா? விளக்கா?"

தண்டலத்தில் காலி செய்த பழைய கெஸ்ட் ஹவுஸிலிருந்து அவள் எடுத்துவந்தது அது. காளான் குடைபோல் கவிந்த, ஆரஞ்சு நிற அக்ரிலிக் விளக்கு. கூடவே, கண்ணாடிபோல் ஊடே தெரியும் ஒரு நாற்காலி. அறுபதுகளின் சாமான். பழம்பொருள் கடை வைத்திருக்கும் சுபஸ்ரீ மேடம் இன்று சாயங்காலம் சென்னையிலிருந்து பார்க்க வருகிறார். பிடித்துவிட்டால் அவர் கடைக்கே தொடர்ந்து கொடுக்கலாம். இந்த ஷிஃப்ட் பிழைப்பை விட்டுவிடலாம்.

"தொடச்சியா... நல்லதுதானே... எதுல? ... திரும்பச் சொல்லு... தின்னரா. பெயின்ட்டுல கலக்குறதா."

வேலி வரை நடந்தாள். திரும்பினாள். மறுபடியும் நடந்தாள்.

"வெள்ளையா பூத்துக்கீதா... வெடிப்பா? ... சிலந்தி வலையாட்டம்... குடை முழுக்கவா? ... யோவ், அது கண்ணாடி இல்லயா, பிளாஸ்டிக் ஜாதி. தின்னர் பட்டா வெடிச்சிரும்... இல்ல, போவாது. பாலிஷ் போட்டாலும் போவாது... யாரு உன்னத் தொடச் சொன்னது? சும்மா படுத்துகினு..."

மிச்சத்தைப் பல்லுக்குள் கடித்து நிறுத்தினாள்.

"ஒண்ணுமில்ல. ஒண்ணும் சொல்லல... நீ பேசு, கேக்குறேன்... காலைலயே எழுந்துட்டியா... குளிச்சியா... நீயே வாசலுக்குத் தூக்கியாந்தியா... ம். மேடம் வரசொல்ல பளபளன்னு இருக்கணும்னு... ம்... ம்..."

குழாயைத் திறந்தாள். கை நனைக்காமலே மூடினாள். கோபம் போகவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

"அழுவாதயா... விளக்கு போச்சு, போவட்டும்... இல்ல, மேடத்தாண்ட நான் பேச மாட்டேன். நீ பேசு... நீதான். நான் வர லேட்டாவும். வாசல்ல நின்னு, நான்தான் தின்னர் போட்டேன், கெட்டுப்போச்சுன்னு சொல்லு... திட்டுனா கேட்டுக்க. அப்பால நாற்காலியக் காட்டு... இரு, அதுலயும் தேச்சியா? ... தேய்க்கலயா... மாதாவே."

கேன்டீன் கதவருகே சூப்பர்வைசர் ரத்னா வந்து நின்று கையசைத்தார்.

"தோ வந்துட்டேன், மேடம்... உன்ன இல்லயா. கேளு, நாற்காலிக்கு சோப்புத் தண்ணி மட்டும்தான்... ஆமா, ஆமா... மொதல்ல தண்ணி ஊத்தி மண்ணெல்லாம் எடுத்துரு. பழைய பனியன் துணி. அழுத்தித் தேய்க்காத... சோப்பா? பாத்ரூம் ஜன்னல் மேல கீது பாரு... கெடச்சிதா... சரி, அப்பறம் மேடம் வந்தா குடிக்க..."

வில்சன் குறுக்கே ஏதோ சொன்னான்.

"இன்னாயா? ... வேலை கீதா? அப்பால பேசுறியா? ... சரி. சரி, வெ..."

அவள் சொல்லி முடிப்பதற்குள் வில்சன் வைத்துவிட்டான்.