மஞ்சள் பூ எண்ணெய்

பிள்ளைகளே, நேற்று தவளக்குப்பம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். உச்சந்தலையில் முடி குறைவு. மடியில் மஞ்சள் பூப் பூத்த செடிக்கட்டு. பக்கத்தில் அவருக்குத் தெரிந்த ஓர் அக்கா.

“ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்கப் போறேன்க்கா. அதுக்குள்ள முடி வந்துரும். மஞ்ச கரிசலாங்கண்ணிய எண்ணெயில காச்சித் தடவுறேன்.”

“இத எங்கடா பறிச்ச?”

“லாஸ்பேட்டையில, ரோட்டு நடுவுல. காடா கெடக்குது.”

“அடப்பாவி! அது அழகுக்கு நட்ட வெளிநாட்டுச் செடிடா. பூ மட்டுந்தான் அதே மாதிரி.”

“ரெண்டு மாசமா தடவுறேனே!”

“தெரியுதே. ரோட்டு நடுவுல காடு மொளைச்சிருக்கு, உன் தல நடுவுல ரோடு போட்டிருக்கு.”

இளைஞர் செடிக்கட்டைச் சீட்டுக்கு அடியில் தள்ளினார்.

“சிரிக்காதக்கா. பொண்ணோட அப்பாவுக்கும் வழுக்க. அவருக்கும் ஒரு பாட்டில் காச்சிக் குடுத்தனுப்பிட்டேன். தெனமும் நம்பித் தடவுறாராம்.”

அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

“அப்ப போனதும் பொண்ணப் பாக்காத. அவரு தலையப் பாரு. ஒரு முடியாவது மொளைச்சிருந்தா உள்ள போயி உக்காரு. இல்லன்னா வந்த பஸ்ஸையே புடிச்சுக்கினு வந்துரு.”