குந்தாணிமுடியை இடிக்காமல் அளந்தவருக்கு

மலைகளின் மட்டம் அறிந்த மாண்பினரே! மேகம் விலகும்வரை முகம் சுளிக்காமல் காத்திருக்கும் பொறுமையின் பெருமையே! பழனிசெட்டிபட்டியில் பிறந்து, பள்ளத்தாக்கின் இரு பக்கத்து முடிகளையும் பாதத்தால் அறிந்து, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் தலைமை அளவையர் சண்முகத்தாய் அம்மையீர் அவர்களே!

வணக்கம்.

இதற்கு மேல் அடைமொழி அடுக்க எங்களுக்குத் துணிவில்லை. அளக்காத எதையும் எழுதக் கூடாது என்பது நம் பிரிவில் நீங்கள் வைத்த சட்டம். "இமயம் நிகர்த்தவரே" என்று ஒருவர் எழுதித் தந்தார். அடித்துவிட்டோம். "நான் ஏறாத மலைய எதுக்குய்யா என் தலையில வைக்கிறீங்க?" என்று கேட்டிருப்பீர்கள்.

உங்கள் மலைகள் வேறு. போடிக்கு மேலே மீசைப்புலிமலையும் கொழுக்குமலையும். சின்னமனூருக்கு மேலே மேகமலை. வருசநாட்டுக்கு அப்பால் கோட்டைமலை. இவற்றின் உயரத்தைப் படிக்க நீங்கள் தேர்ந்த நேரம் எப்போதும் உச்சிவெயில். காலையிலும் மாலையிலும் காற்றின் அடுக்குகள் மாறிக்கொண்டே இருக்கும், பார்வைக்கோடு வளையும், முடி தன் இடத்தை விட்டு உயர்ந்து தெரியும் என்பீர்கள். பகல் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான் காற்று ஓரளவு நிலையாக நிற்கும். அந்த நேரம் பார்த்துத்தான் மேகமும் ஏறி வரும். நாள்கணக்கில் உட்கார்ந்து ஒரே ஒரு கோணத்தைப் படித்துக்கொண்டு இறங்கியிருக்கிறீர்கள். ஒருமுறை அதுவும் இல்லாமல் இறங்கினீர்கள். ஏன் என்று கேட்ட மேலிடத்துக்கு நீங்கள் எழுதிய விளக்கம் ஒரே சொல்: "மேகம்."

பிறகு ஜிபிஎஸ் வந்தது. எங்களுக்கு வேலை எளிதாயிற்று, தவறும் எளிதாயிற்று. அது சொல்லும் உயரம் கடல்மட்டத்திலிருந்து வருவதல்ல. பூமியை வழவழப்பான ஓர் உருண்டையாகக் கற்பனை செய்து, அதன் மேலிருந்து வருவது. நம் பகுதியில் இரண்டுக்கும் தொண்ணூறு மீட்டருக்கு மேல் இடைவெளி. அதைக் கூட்ட மறந்து மலைகளைக் குட்டையாக்காதவர் எங்களில் யாரும் இல்லை. நீங்கள் திட்டியதில்லை. "மலைக்கு ஒண்ணும் ஆகாது. ஒங் கணக்கத் திருத்து" என்பீர்கள். அவ்வளவுதான்.

எங்களில் ஒருவர் மனைவியை இழந்து வேலைக்குத் திரும்பினார். அன்று நீங்கள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. உங்கள் சாப்பாட்டுப் பையில் இரண்டு டப்பா இருந்தது. மறுநாளும் இரண்டு. இன்றும் இரண்டு. பார்த்தோம்.

அவையோரே! அம்மையாரின் குடும்பத்தாரே! உறவினரே! இனிச் சற்று நேரம் உங்களிடம் பேசுகிறோம். அவர் செய்த பணிகளில் ஒன்றை மட்டும் நடந்தபடி சொல்கிறோம். வீட்டில் அவர் சொல்லியிருக்க மாட்டார்.

கடமலைக்குண்டுக்கு மேலே குந்தாணிமுடி என்று ஒரு மலை. நெல் குத்தும் கல் குந்தாணியைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்கும். அதன் உச்சியில் வெள்ளைக்காரர் காலத்து அளவைத் தூண் ஒன்று உண்டு. தூணுக்கு அடியில், பாறையிலேயே ஒரு வட்டமும் வட்டத்துக்குள் ஒரு புள்ளியும் செதுக்கியிருப்பார்கள். மலையின் உயரம் என்று நாங்கள் எழுதுவது அந்தப் புள்ளியின் உயரத்தை. தூணின் தலையை அல்ல.

இரண்டு வருடத்துக்கு முன் பழைய உயரங்களைச் சரிபார்க்க உத்தரவு வந்தது. குந்தாணிமுடிக்கு ஏறியவர் எங்கள் பொறியாளர் சுரேஷ்கண்ணன். முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறாரே, அவர்தான். அவருடைய சம்மதத்தோடுதான் சொல்கிறோம். அங்கே அவருக்குத் தூண் தென்படவில்லை. அந்த இடத்தில் இடுப்பு உயரத்துக்குச் சிமெண்டுப் பீடம் கட்டி, மஞ்சள் பூசி, விளக்கு வைத்திருந்தார்கள். மழை வேறு இறங்கப் பார்த்தது. பீடத்தின் மேலேயே கருவியை வைத்துப் படித்துக்கொண்டு வந்துவிட்டார். மற்ற எல்லாத் திருத்தமும் ஒழுங்காகச் செய்தார். தொண்ணூற்றுச் சொச்சத்தைக் கூட்டினார். சாமியைக் கழிக்கத்தான் மறந்துவிட்டார்.

குந்தாணிமுடி வளர்ந்துவிட்டது!

செய்தி எப்படியோ சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கள் ஜீப் ஓட்டுநர் ஸ்டான்லி, ராயப்பன்பட்டிக்காரர், கடமலைக்குண்டில் டீ குடிக்க இறங்கினார். பிடித்துக்கொண்டார்கள்.

"என்ன ஸ்டான்லி, ஒங்க ஊர்ல சர்ச்சுக் கோபுரந்தான் உசரம். எங்களுக்கு மலையே வளருது பாத்தீகளா?"

"வளரும், வளரும். எங்க சுரேஷ்கண்ணன் சார் இன்னொரு தடவ ஏறட்டும். வானத்துல இடிச்சிரும்."

மேலிடம் சிரிக்கவில்லை. பாறையிலுள்ள புள்ளியைத் திறந்து மறுபடி அளக்க வேண்டும், தேவையானால் பீடத்தை அகற்றிக்கொள்ளலாம் என்று கடிதம் வந்தது. சண்முகத்தாய் அதை இரண்டு முறை படித்தார். பிறகு ஜீப்பில் ஒரு கடப்பாரையை எடுத்துப் போடச் சொன்னார். கொத்தனார் வேண்டாம், நாமே போவோம் என்றார்.

அந்தப் பீடம் மொக்கம்மாளுடையது. அவருடைய கணவர் அழகர், மலைமாட்டுக் கிடை வைத்திருந்தவர். அளவைக்காரர்கள் வரும்போதெல்லாம் கூடாரம் சுமந்தவர். ஒரு கோடை மழையில், வழிதவறிய மாட்டைத் தேடி ஏறினார். இடி விழுந்தது. தூணின் பக்கத்தில் கிடந்தார். அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் மொக்கம்மாள் மேலே ஏறி விளக்கு வைக்கிறார். முதலில் ஒரு கல். பிறகு ஊரார் கை சேர்ந்து பீடம். இப்போது அதற்குத் தூணய்யா என்று பேர், ஆடியில் பொங்கல்கூட உண்டு. ஆனால் மொக்கம்மாளுக்கு அது தூணய்யா அல்ல. தன் வீட்டுக்காரர்.

சண்முகத்தாயும் சுரேஷ்கண்ணனும் ஸ்டான்லியும் அளக்கப் போன அன்றும் வெள்ளிக்கிழமை. ஊரிலிருந்து நாலைந்து பேர் கூடவே ஏறினார்கள். கடப்பாரையைப் பார்த்த ஒருவர், "இடிச்சா மலை எறங்கிப்போகும், பாத்துக்கங்க" என்றார். மொக்கம்மாள் எண்ணெய்ப் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடந்தார். வழியில் ஒரு இடத்தில்கூட உட்காரவில்லை. சண்முகத்தாய்க்கு அன்றைக்கு முழங்கால் வலி. அவரும் உட்காரவில்லை.

உச்சியில் வெயில் தகித்தது. மொக்கம்மாள் பீடத்தின் முன் நின்றார்.

"தாயி, ஒரு வார்த்த. இடிக்கிறதுக்கு முன்ன வெளக்கு ஒண்ணு வச்சுக்கிறவா?"

"வையுங்கக்கா. ஒண்ணும் அவசரமில்ல."

பீடத்தின் தலையில், நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி. அதன் வாயை மூடினாற்போல் அகல் இருந்தது. மொக்கம்மாள் அகலைத் தூக்கி ஓரமாக வைத்தார். பாட்டிலைத் திறந்து, முதலில் குழிக்குள் ஊற்றினார். கொஞ்சம் நிறுத்தி, இன்னும் ஊற்றினார். கடப்பாரையை எந்தப் பக்கம் வைப்பது என்று சுரேஷ்கண்ணன் மெல்லக் கேட்டார். சண்முகத்தாய் காதில் வாங்கவில்லை. அவருடைய கண் குழியில் இருந்தது.

"அக்கா, ஊத்துற எண்ணெய் எங்க போகுது?"

"அவுக குடிச்சிருவாக தாயி. எம்புட்டு ஊத்துனாலும் நெறையாது. இருந்தப்பயும் அப்படித்தான். ரசம் வச்சா சட்டிதான் மிஞ்சும்."

கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மொக்கம்மாளும்தான்.

"பீடம் கட்டுறப்ப இந்தக் குழிய ஏன் மூடல?"

"மூடத்தான் வந்தாக. நாந்தான் விடல. வாய அடைச்சுட்டா அவுக என்ன பண்ணுவாகன்னு கத்தி ஊரக் கூட்டிட்டேன். அப்பறம் ஒவ்வொரு பூச்சுக்கும் உள்ள ஒரு கழியச் சொருகி வச்சுத்தான் பூசுனது."

சண்முகத்தாய் கடப்பாரையைத் தூரமாகக் கொண்டுபோய் வைக்கச் சொன்னார்.

அந்தக் காலத்துத் தூண்களில் சில நடுவில் துளை உள்ளவை. தூணின் மேல் கருவியை வைத்து, துளை வழியே தூக்குக்குண்டை இறக்கி, கருவி புள்ளிக்கு நேர் மேலே நிற்கிறதா என்று பார்ப்பார்கள். இதை நாங்கள் அத்தனை பேரும் படித்திருக்கிறோம். தேர்வும் எழுதியிருக்கிறோம். மஞ்சள் பூசியிருந்ததால், உள்ளே தூண் இருக்கும் என்று தோன்றாமல், எங்களுக்கு அது சாமியாகவே தெரிந்தது. அவருக்கும் அந்த நிமிடம்வரை அப்படித்தான் தெரிந்தது என்று பிற்பாடு அவரே சொன்னார்.

ஆனால் அது தூணின் துளைதானா, அடிவரை போகிறதா என்பது யாருக்கும் தெரியாது. நடுவில் அடைபட்டிருந்தால் இடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதை அவர் மறைக்கவில்லை.

"அக்கா, இதுக்குள்ள ஒரு குண்டு எறக்கிப் பாக்கணும். அடியில பாறையில தட்டுச்சுன்னா எதையும் இடிக்க வேணாம்."

"தட்டலைன்னா?"

"இடிச்சுத்தான் ஆகணும்கா."

மொக்கம்மாள் பித்தளைக் குண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். எடை போட்டுப் பார்ப்பதுபோல் இருந்தது.

"நீங்களே எறக்குங்க" என்றார் சண்முகத்தாய்.

குண்டை எஃகு நாடாவின் முனையில் கட்டினார்கள். மொக்கம்மாள் அதைக் குழிக்குள் விட்டார். சண்முகத்தாய் மேலே நாடாவைப் பிடித்துக்கொண்டார். நாடா இரண்டு பெண்களின் கைகளுக்கும் நடுவே இறங்கியது. பிறகு நின்றது.

"மெத்துன்னு இருக்கு தாயி."

திரிக் கரியும் எண்ணெய்ச் சகதியும் அடியில் படிந்திருக்கலாம். அல்லது துளை அங்கேயே முடிந்திருக்கலாம். சண்முகத்தாய், "கொஞ்சம் தூக்கி விடுங்க" என்றார். தூக்கி விட்டார். மறுபடியும் மெத்தென்றது. "இன்னும் கொஞ்சம் ஒசக்கத் தூக்குங்கக்கா. பயப்படாம விடுங்க."

கல்லில் பித்தளை மோதும் சத்தம் கேட்டது. நாடா தளர்ந்தது.

"தட்டிருச்சு" என்றார் மொக்கம்மாள்.

பிறகு அவர் குண்டைத் தூக்கி இன்னொரு முறை இறக்கினார். அளவுக்கு அது தேவையில்லை. இன்னொரு முறையும் இறக்கினார். சண்முகத்தாய் நாடாவை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

சகதியைத் துணி சுற்றிய கழியால் ஒற்றி எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார்கள். வட்டம் தெரிந்தது. புள்ளி தெரிந்தது. எண்ணெயில் ஊறி, நேற்றுச் செதுக்கியதுபோல் மினுங்கியது. மொக்கம்மாளும் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"இம்புட்டூண்டு புள்ளிக்கா தாயி இம்புட்டு ஆளுக வந்தீக?"

துளைக்கு மேலே கருவியை வைத்து, நாடா காட்டிய ஆழத்தைக் கழித்தார்கள். குந்தாணிமுடி பழைய உயரத்துக்கே இறங்கிவிட்டது. விரற்கடை வித்தியாசம்தான் இருந்தது. கூட வந்தவர்களுக்குச் சற்று வருத்தம். "வளந்த மலைய எறக்கிட்டீகளே" என்றார் ஒருவர். "நட்டப்பட்டுப் போச்சோ?" என்று கேட்டுக்கொண்டே ஸ்டான்லி கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டார். அதை வீணாகச் சுமந்து வந்த கோபம் அவருக்கு.

மேலிடத்துக்குச் சண்முகத்தாய் எழுதிய பதிலை நாங்கள் எல்லோரும் படித்தோம்: "பாறைக் குறி திறந்திருக்கிறது. இத்தனை ஆண்டும் திறந்தே காக்கப்பட்டிருக்கிறது. பீடத்தை அகற்றத் தேவையில்லை."

அம்மையீர்! மீண்டும் உங்களிடம் வருகிறோம்.

உயரத்தை அளக்கத் தெரிந்தவர் பலர் உண்டு. ஓங்கிய கடப்பாரையை ஓரம் வைக்கத் தெரிந்தவர் உங்களைப்போல் சிலரே. மலைகள் உங்களுக்கு நன்றி சொல்லப் போவதில்லை. அதனால் நாங்கள் சொல்கிறோம்.

அந்தக் குண்டையும் நாடாவையும் நினைவுப் பரிசாகத் தர ஆசைப்பட்டோம். அலுவலகச் சொத்து, முடியாது என்று நீங்கள்தான் மறுப்பீர்கள். எத்தனை முறை துடைத்தும் நாடாவில் நல்லெண்ணெய் வாசம் போகவில்லை என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறோம். இந்த மடலைச் சட்டம் போடக் கொடுத்தபோது, இவ்வளவும் ஒரு சட்டத்துக்குள் அடங்காது என்றார் கடைக்காரர். இரண்டாகப் போட்டிருக்கிறோம். பக்கத்தில் பக்கத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமையிலிருந்து உங்களுக்கு ஒரு டப்பா போதும். பழக்கத்தில் இரண்டு கட்டிவிடாதீர்கள்.

மொக்கம்மாளை இந்த விழாவுக்கு அழைத்தோம். வரவில்லை. விழா வெள்ளிக்கிழமையில் அமைந்துவிட்டது. "வெள்ளிக்கெழம நான் எப்படி வர? தாயிகிட்டச் சொல்லிருங்க, அவுக பேரச் சொல்லி அன்னைக்கு ஒரு கை கூடவே ஊத்துறேன்னு" என்றார். இந்த வரியை வாசிக்கும் நேரத்தில் அவர் மேலே இருப்பார்.

முழங்கால் வலி உங்களை விட்டு இறங்கட்டும்! விடியலுக்கு முன் எழ வேண்டிய கட்டாயம் இனி வேண்டாம். மாடியில் நாற்காலி போட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையை எந்தக் கருவியும் இல்லாமல் பார்த்தபடி, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சூழ, நலமும் நிறைவுமாய் நெடுங்காலம் வாழ்க! மேகம் மூடினால் மூடட்டும். நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. முடி அங்கேதான் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் கணக்குத் திருத்தங்களால் வளர்ந்த
மலை அளவைப் பிரிவினர்,
தேனி.