நாற்பத்திரண்டு மில்லிசெகண்டு

அன்று காலை எட்டே முக்காலுக்குக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். நான். வாசல் காவலர் ரஷீது, மூன்று நிமிடம் மட்டும். குப்பத்து அங்கம்மா, பதினோரு நிமிடம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் வந்தவர். பாதுகாப்பு அதிகாரி தாமோதரன் சார் இல்லை, அவர் ஒன்பது மணிக்குத்தான் வருவார். என் வேலையும் ஆறு மணிக்கே முடிந்திருந்தது. என்னை மாற்றிவிட வேண்டியவன் வரும் கும்மிடிப்பூண்டி வண்டி தாமதம். ஏ.சி. நன்றாக வேலை செய்தது.

என் தகுதியைக் கேட்டிருந்தீர்கள். இன்ஜினியரிங், இரண்டாம் ஆண்டோடு நின்றுவிட்டேன். ஏன் நின்றாய் என்று பகலில் எல்லோரும் கேட்பார்கள். இரவு ஷிஃப்டில் யாரும் கேட்பதில்லை. அதனால் எண்ணூரில் இந்த அமோனியாக் கிடங்கில் இரவு ஷிஃப்டுக்குச் சேர்ந்தேன். அது 2001.

கிடங்கின் வேலிக்கும் கடலுக்கும் நடுவே நூற்றெண்பது வீடுகள். அமோனியா கசிந்தால் அவர்களை எச்சரிக்க ஒரு சங்கு வைக்கச் சொல்லி அரசு உத்தரவு. அங்கம்மாவின் வீடுதான் அங்கே முதல் மாடி வீடு, எனவே சங்கும் அதன் பெட்டியும் அவர் மொட்டை மாடியில். கிடங்கிலிருந்து அதுவரை ஒன்றரைக் கிலோமீட்டர் கேபிள். சங்கு ஊதினால் குப்பத்துக்காரர்கள் பத்து நிமிடத்தில் தெற்கே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். தாமோதரன் சார் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை நடத்தினார், பிஸ்கட் கொடுத்தார். சும்மா நெடி அடித்ததற்கெல்லாம் ஓடி ஊரைக் கலவரப்படுத்தக் கூடாது, சங்கு ஊதினால் மட்டும்தான் ஓட வேண்டும் என்று மைக்கில் மூன்று முறை சொன்னார். அவர்கள் அதை நன்றாகவே கற்றுக்கொண்டார்கள்.

சங்கு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. லினக்ஸ் கம்ப்யூட்டரில் க்ரான் என்று ஓர் ஏற்பாடு உண்டு. எந்த நேரத்தில் எந்தக் கட்டளை ஓட வேண்டும் என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும். சலிக்காமல் ஓட்டும், சம்பளம் கேட்காது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மாடிப் பெட்டியைக் கூப்பிட்டு, அது பதில் சொல்ல எத்தனை மில்லிசெகண்டு ஆனது என்று எழுதிவைக்க ஷெல் ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரல் ஒன்றை எழுதினேன். பதில் வந்தால் திரையில் பச்சை. வராவிட்டால் சிவப்பு. சிவப்பானால் என் செல்போன் அடிக்கும்.

முதல் மாதம் நாற்பத்தொரு முறை அடித்தது. உப்புக் காற்றில் செம்புக் கம்பி பச்சை பூத்துவிடும். ஒவ்வொரு முறையும் சைக்கிளில் போய், மாடி ஏறி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு வருவேன். ஒவ்வொரு சிவப்புக்கும் தாமோதரன் சார் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். சங்கைப் பற்றி அல்ல, சிவப்பைப் பற்றி.

"தம்பி, மேல ஹெட் ஆபீசுல கலரைத்தான்ப்பா பார்க்கறாங்க. எனக்குத் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது பர்சென்ட் பச்சை வேணும். எப்படிப் பண்ணுவியோ, எனக்குத் தெரியாது" என்றார்.

அவருக்குத் தெரியாது என்பது உண்மை. கடைசிவரை அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

ஸ்கிரிப்ட் பதிலுக்கு இரண்டு விநாடி காத்திருந்தது. அதை முப்பது ஆக்கினேன். மெதுவாகப் பேசுகிறவர்களுக்கு அவகாசம் கொடுப்பது தவறில்லை. பிறகு மூன்று முறை கூப்பிட்டு, ஒரு முறை பதில் வந்தாலும் பச்சை என்று வைத்தேன். பிப்ரவரியில் யாரோ கேபிளில் நானூறு மீட்டரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் பயனில்லை. ஸ்கிரிப்டில் ஒரே ஒரு முகவரியை மாற்றினேன். அது மாடிப் பெட்டியைக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, தான் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரையே கூப்பிட்டது. நீ இருக்கிறாயா என்று தன்னையே கேட்டது. இருக்கிறேன் என்றது.

ஒரு சின்னச் சிக்கல். தன்னையே கூப்பிட்டால் பதில் பூஜ்யம் மில்லிசெகண்டில் வந்துவிடுகிறது. அது பார்ப்பதற்கு நன்றாக இல்லை. எனவே முப்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் ஏதோ ஓர் எண்ணைப் போடும்படி இன்னொரு வரி சேர்த்தேன். முழு மாதமும் பச்சையாக இருந்தால் சந்தேகம் வரும் என்பதால், மாதத்துக்கு ஒரு முறை பதினைந்து நிமிடம் சிவப்பு. அந்தப் பதினைந்து நிமிடத்தில் பழுதைச் சரிசெய்ததற்காகத்தான் பாதுகாப்பு வாரத்தில் எனக்குச் சால்வை போர்த்தி, சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள்.

நான் எதுவும் செய்யவில்லை என்று சொல்லிவிடாதீர்கள். புதிய கேபிள் கேட்டு எழுதினேன். கொள்முதல் பிரிவின் டோரதி மேடம் என் மாத அறிக்கையைப் பின்னால் இணைத்துத் திருப்பி அனுப்பினார். "தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது ஏழு சதவீதம் வேலை செய்யும் கேபிளை மாற்றுவதற்கான காரணத்தைத் தெரிவிக்கவும்." நியாயமான கேள்வி. என் அறிக்கையை மறுக்க என்னிடம் காரணம் இல்லை.

நான் பொய் எழுதியதாக உங்கள் குறிப்பில் இருக்கிறது. அதைத் திருத்திக்கொள்ளுங்கள். பதில்கள் எல்லாம் உண்மை. கேள்வியை மட்டும்தான் மாற்றினேன்.

இனி அன்று காலை. ஜூன் மாதம், கடல் காற்று எழவில்லை, மேற்கிலிருந்துதான் வீசியது. அதாவது கிடங்கிலிருந்து குப்பத்துப் பக்கம். அங்கம்மா வாசலில் சத்தம் போட, ரஷீது அவரை உள்ளே கூட்டிவந்தார்.

"இன்னா நைனா, உன் சங்கு செத்துப் பூட்ச்சு. நாலு மாசமா சொல்லிக்கினு கீறேன், காதுலயே போட்டுக்க மாட்டேன்ற."

நான் திரையைக் காட்டினேன். "பச்சையைப் பாருக்கா. நாற்பத்திரண்டு மில்லிசெகண்டுல பதில் சொல்லுது."

"யாரு சொல்றது? எங்கூட்டு மாடில கீற பொட்டியா? அதுக்குள்ள காக்கா கூடு கட்டிக்கினு கீது. காக்கா சொல்லுச்சா?"

"காக்காவுக்கு இங்கிலீசு தெரியும் போலக்கீது, யக்கா" என்று ரஷீது சிரித்தார். வெளியே டேங்கர் லாரி ஹாரன் அடித்தது; போய்விட்டார்.

"சிரிங்கடா. விடியக்காலைலேர்ந்து நெடி மூக்க அறுக்குது. எம்பொண்ணு வினிதா கைக்கொழந்தையோட கீறா. கெளம்பலாம்டீன்னா, சங்கு ஊதலியேம்மான்றா. நீங்கோ சொல்லிக் குட்த்த பாடந்தான?"

அப்போது கிழக்கு வேலியோரம் இருக்கும் ஏழாம் எண் வாயு மானி, காற்றில் பத்து லட்சத்துக்குப் பதினெட்டு பங்கு அமோனியா என்று காட்டியது. அவர் பேசி முடிப்பதற்குள் இருபத்திரண்டு. முப்பத்தைந்தில் கிடங்குக்குள் மணி அடிக்கும். சங்குக்கும் கட்டளை போகும். போகும் என்பது ஒரு பேச்சுக்கு.

நான் யோசித்தேன். அவசரப்படவில்லை. சங்கு ஊதாமல் போனால், கடைசியாகச் சோதித்தது எட்டே முக்காலுக்கு, பச்சை, நாற்பத்திரண்டு மில்லிசெகண்டு, அதற்கு அடுத்த நிமிடம் பழுதாகிவிட்டது என்று பதிவு சொல்லும். எந்த இயந்திரமும் ஏதாவது ஒரு நிமிடத்தில் பழுதாகத்தான் வேண்டும். அது நான்கு மாதமாகச் செத்துக் கிடக்கிறது என்று சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க ஜில்லுனு கீதுப்பா. நீ ஊது, இங்கயே குந்திக்கினு கேக்கறேன். ரெண்டு மைலுக்குக் கேக்கும்னு தான சொன்னாரு உங்க சாரு?"

"வெளியாளு இங்க உட்காரக் கூடாதுக்கா. நீ வீட்டுக்குப் போ. மாடில நின்னு கேளு. பத்து நிமிஷத்துல ஊதறேன்."

"மெய்யாலுமா?"

"மெய்யாலுமே."

"ஊதலேன்னு வெய்யி, உன் கம்ப்யூட்டரத் தூக்கினு போயி கடல்ல கடாசிடுவேன்."

மானி இருபத்தொன்பதில் இருந்தது. வேலியோரப் பாதையில் அவர் நடைக்கு இருபது நிமிடம் ஆகும். அந்தக் கணக்கும் எனக்குத் தெரியும்.

அவர் போன சில நிமிடங்களில் மணி அடித்தது, மானி அதன் கடைசி எண்ணில் போய் நின்றது. அவரை வேலியின் திருப்பத்தில் கண்டெடுத்தார்கள். முந்தானையை முகத்தில் சுற்றியிருந்தார். முகம் குப்பத்தைப் பார்த்து இருந்தது என்று ரஷீது சொன்னார். குப்பத்தில் இன்னும் இருவர் தங்கள் வீட்டுக்குள்ளேயே இறந்தார்கள். நெடி தாங்காமல் கதவை மூடிக்கொண்டு, சங்கு ஊதட்டும் என்று காத்திருந்தவர்கள். வினிதா பிழைத்துவிட்டார். குழந்தையைப் பற்றி என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இதில் தாமோதரன் சாருக்குப் பங்கில்லை, டோரதி மேடத்துக்கும் இல்லை. வேலையை நான் தனியாகவே செய்தேன், ஒழுங்காகச் செய்தேன். அந்த மாத அறிக்கையிலும் சேவை தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பதுக்குக் கீழே இறங்கவில்லை, நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் கடைசிக் கேள்வி, கட்டுப்பாட்டு அறையின் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளுமா என்பது. இல்லை. மணி அடித்தால் அறைக்குள் காற்றுப் புகாமல் கதவைச் சாத்திவைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, பூட்டச் சொல்லி இல்லை. மணியும் அப்போது அடித்திருக்கவில்லை. வாசல்வரை அவரோடு நடந்தேன். படி இறங்கும்போது, பார்த்துப் போக்கா என்றுகூடச் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்து, மறக்காம ஊது நைனா என்றார். நான் கதவைச் சாத்தி, சாவியை இரண்டு முறை திருப்பினேன்.