மைக் அக்கா சொன்ன 'இல்லை'

மேடையில் அமர்ந்திருக்கும் நகரசபைத் தலைவர் அவர்களே, வழிகாட்டிகள் சங்கத்து நண்பர்களே, விடுதிக்காரர்களே, ஜீப் ஓட்டுநர்களே, கடைக்காரர்களே, முன்வரிசையில் இருக்கும் மைக் அக்காவின் மகளே, அவர் பக்கத்தில் இருக்கும் டீக்கடை அம்மா அவர்களே! அனைவருக்கும் வணக்கம். உங்கள் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்லக்கூட இன்று எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அக்கா எப்போது போனார்? சீசன் தொடங்கிய வாரம். இரங்கல் கூட்டம் எப்போது நடக்கிறது? சீசன் முடிந்து, கடைசிப் பேருந்தும் மலையிறங்கி, விடுதிப் போர்வைகளையெல்லாம் துவைத்துக் காயப்போட்ட பிறகு! சுற்றுலாக் குழுவின் செயலாளர் என்ற முறையில் தேதியைத் தள்ளிவைத்தவன் நான். "அது முறையில்லைங்க" என்று உங்களில் ஒருவராவது சொன்னீர்களா? எல்லோரும் தலையை ஆட்டினீர்கள். "சீசன் முடியட்டும்." நம் ஊரில் கூரை ஒழுகினாலும் அதுதான் பதில், பல் வலித்தாலும் அதுதான் பதில். கடைசியில் ஒரு சாவுக்கும் அதையே சொல்லிவிட்டோம்.

யாருடைய சாவுக்கு? வழிகாட்டிகள் சங்கத் தலைவி, இந்த ஊருக்கே வாயாக இருந்த மைக் அக்கா அவர்களின் சாவுக்கு! மைக் இல்லாமலே அடுத்த தெருவுக்குக் கேட்கும் குரல் என்பதால் வந்த பெயர் அது. அருங்காட்சியகத்தில் துருப்பிடித்த ஒரு பூட்டு இருக்கிறதே, நமக்கு அது வெறும் பூட்டு. அக்கா அதன் முன்னால் நின்று பேசினால், வந்த கூட்டம் சாவியைத் தேட ஆரம்பித்துவிடும். ஒருநாள் மூடுபனியில் கோட்டையும் தெரியவில்லை, பள்ளத்தாக்கும் தெரியவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடு என்று ஜீப்காரரிடம் சண்டை. அக்கா அந்த வெள்ளைப் பனியைக் கைகாட்டி, இங்கே ஆறு, அங்கே பாலம், அதற்கு மேலே காவல் மாடம் என்று சொல்லிக்கொண்டே போனார். பனி விலகியதும் ஒரு பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னதே நல்லா இருந்துச்சும்மா" என்றார்.

அப்படிப்பட்ட குரலை நாம் என்ன செய்தோம்? காதலர் பாறையில் ஒலிபெருக்கி கட்டி, அதில் அடைத்தோம். உங்களுக்கெல்லாம் மனப்பாடம்: "இதோ, இந்தப் பாறையிலிருந்துதான் காதலர் இருவரும் கைகோத்துக் குதித்தார்கள்." எழுதிக் கொடுத்தது நம் குழு. அக்கா நம்பிப் பேசிப் பதிவு செய்துகொடுத்தார்.

பிறகு ஒருநாள் டீக்கடை அம்மா, டம்ளரை அக்கா கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பாறையில குதிச்சான்னு சொல்றீங்களே, அது எங்க அத்தைதான்க்கா. ரோடு போடறப்போ கல்லு சுமந்தாங்க. மழையில கால் வழுக்கி விழுந்துட்டாங்க. காதலும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. குதிச்சவ வீட்டுப் பொண்ணுன்னு சொல்லி, என்னைப் பாக்க வந்தவங்கெல்லாம் வாசலோட திரும்பிட்டாங்க."

அக்கா அந்த டீயைக் குடிக்கவில்லையாம். சாலை வேலை செய்த பழைய ஆட்களைத் தேடிப்போய் விசாரித்தார். எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னார்கள்: விழுந்தாள். அப்படியானால் அந்தக் காதலன் எங்கிருந்து வந்தான்? ஒருத்தி தனியாகக் குதித்தால் வருகிறவர்கள் மனசு கஷ்டப்படுமே என்று, நம் ஆட்கள்தான் ஒருவனையும் சேர்த்துத் தள்ளிவிட்டிருக்கிறார்கள்!

அக்கா குழுவுக்கு வந்தார். "தம்பி, ஒரே ஒரு வரி. அதை மட்டும் மாத்திப் பேசிடறேன்" என்றார். என் விடுதியில் 'பாறை தெரியும் அறை' என்று பலகை தொங்குகிறது. நான் என்ன சொல்லியிருப்பேன்? "சீசன் முடியட்டும்க்கா." சீசன் முடிந்தது. "அடுத்த சீசனுக்கு முன்னாடி பாத்துக்கலாம்க்கா." அதுவும் வந்தது, போனது.

அதன்பிறகு அக்கா எங்களிடம் கேட்கவில்லை. தினமும் மாலையில் பாறைக்கு நடந்தார். ஒலிபெருக்கியில் அவர் குரல் "குதித்தார்கள்" என்று முடித்ததும், கீழே நின்ற அவர், "இல்லை. விழுந்தாள்" என்றார். ஒரே ஆளின் இரண்டு குரல், ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டியது! வந்தவர்கள் அதையும் வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டினார்கள். நான் போய், "அக்கா, ஊரே சிரிக்குது" என்றேன். அவர் கோபப்படவில்லை. "சிரிக்கட்டும் தம்பி. சொன்ன வாய்தானே திருத்தணும்?" என்றார்.

இனி நான் சொல்வது நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் யாரும் பேசுவதில்லை. அவருடைய இறுதி ஊர்வலம் அந்தப் பாறைக்குக் கீழே வந்தபோது, ஒலிபெருக்கி பேசியது. அதை அன்று ஒருநாளாவது நிறுத்திவைக்க நமக்குத் தோன்றவில்லை. வண்டியில் கண்மூடிப் படுத்திருந்தவரின் குரல் மேலேயிருந்து கணீரென்று கேட்டது: "குதித்தார்கள்." நாமெல்லாம் நின்றோம். அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தோம். அதைச் சொல்ல வேண்டியவர் நம் நடுவில் கிடந்தார். டீக்கடை அம்மா திரும்பி நம் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். யாராவது வாயைத் திறந்தோமா? நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் அப்படி வெட்கப்பட்டதில்லை. வண்டி நகர்ந்தது, நாமும் நகர்ந்தோம்.

நேற்று அக்காவின் வீட்டுக்குப் போனேன். கூடவே வந்த ரேடியோக் கடைக்காரர், அந்த ஒரு வரியை மட்டும் வெட்டிவிடலாம் என்றார். மகள் தலையசைத்து மறுத்தார். "வெட்டினா அம்மா சொன்ன தப்பும் போயிடும், திருத்தினதும் போயிடும். அம்மா தப்பை மறைச்சவங்க இல்ல. அது இருக்கட்டும். பின்னாடி பதிலைச் சேருங்க" என்றார். அப்படியானால் நீங்களே அந்தப் பதிலைப் பேசுங்கள் என்று, அங்கே இருந்த டீக்கடை அம்மாவைக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க அத்தை விழுந்தாங்கன்னு நான் எத்தனை தடவை சொல்றது? குதிச்சாங்கன்னு சொன்னது ஊரு. ஊரே சொல்லட்டும்."

எனவே பெரியோர்களே, நிகழ்ச்சியின் முடிவில் மௌன அஞ்சலி என்று அச்சிட்டிருக்கிறார்கள். வேண்டாம். மௌனத்தை அக்காவுக்கு நாம் நிறையவே செலுத்திவிட்டோம்.

இந்த மண்டபத்தின் பின்பக்கத்து ஜன்னல் பாறையைப் பார்த்தபடி இருக்கிறது. சத்தம் வருகிறதென்று சாத்திவைத்தவர்கள் நாம்தான். யாராவது அதைத் திறந்துவிடுங்கள். ரேடியோக் கடைக்காரர் அங்கே கருவியோடு நிற்கிறார். நம் குரல் இன்றே பதிவாகும். அக்காவின் குரல் ஒலிக்கும்போதெல்லாம் அதன் பின்னால் நம் குரலும் ஒலிக்கும், இந்த ஊர் இருக்கும்வரை. இது நான் உங்கள் சார்பில் கொடுக்கும் வாக்கு. என் விடுதிப் பலகையைக் காலையிலேயே கழற்றிவிட்டேன்.

அக்கா பேசும் நேரம் ஆகிவிட்டது. முடிக்கும்வரை பொறுங்கள், குறுக்கே பேச வேண்டாம். முடித்ததும் எல்லோரும் சேர்ந்து சொல்வோம்: இல்லை, விழுந்தாள். தொண்டை சரியில்லை, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று யாரும் உட்கார்ந்திருக்காதீர்கள்.

எழுந்திருங்கள். சீசன் முடிந்துவிட்டது.