ரொட்டிக்கு வந்த பல்வலி

நோர்வூட் போகும் பஸ்ஸில் எனக்கு எதிரே இரண்டு தேயிலைத் தோட்டத் தொழிலாளிகள்.

"நோர்வூட்டு ரொட்டி திங்கணும்னா எனக்குப் பல்லுவலி வந்துரும்ணே" என்றான் இளையவன்.

"லிந்துலை ரொட்டிய நீ தின்னதில்ல. தேங்காப்பூவ அள்ளிப் போட்டிருப்பான்" என்றார் மூத்தவர்.

"நோர்வூட்டு ரொட்டிக்கடை மொளகாச் சம்பல் நாக்குல பட்டா காதுல பொகை வரும்ணே!"

"அதுசரி, பல்லுவலின்னா கணக்கப்பிள்ளை லீவு குடுத்துருவாரா?"

"கன்னத்துல வெத்தலய அடக்கிக்கிட்டுப் போய் நின்னா, வீக்கம்னு நம்பிருவாரு. ஆஸ்பத்திரிக்குப் போடாம்பாரு."

முன்சீட்டில் கம்பளியால் தலையை மூடியிருந்தவர் திரும்பினார். இருவரும் பதறி எழுந்தார்கள். அவர்தான் அந்தக் கணக்கப்பிள்ளை.

அவர் கன்னமும் வீங்கியிருந்தது. அதில் அடக்கியிருந்த வெற்றிலையை ஜன்னல் வழியே துப்பினார்.

"தோட்டத்துத் தொரைகிட்ட மூச்சுவிடக் கூடாது. அந்தக் கடை எங்கடா இருக்கு?"