இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு

— வாசல்லயே நின்னுக்கிட்டு நீட்டினா எப்படிண்ணே? உள்ள வாங்க.

— இல்லம்மா, குடுத்துட்டுப் போயிடறேன். ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு முந்தின வாரம் உன் வீட்டுக்காரன் குடுத்த இசைத்தட்டு. அவன் போய் மூணு மாசமாச்சு, இன்னும் என் அலமாரியிலயே கிடக்கு.

— நீங்களே வச்சுக்கலாமே. இந்த ஜாஸ் கிதாரையெல்லாம் அவருக்கு அப்புறம் கேக்கற ஆளு நீங்க ஒருத்தர்தான்.

— போட்டுப் பாத்தேம்மா. சத்தியமா ரெண்டு பாட்டு தாண்டல. சிரிக்கற இடம் வருது, திரும்பிப் பாத்தா பக்கத்துல யாருமில்ல.

— கிதார்ல சிரிக்க என்னண்ணே இருக்கு?

— அதை எப்படிச் சொல்றது... இந்தக் கிதார்காரன் நேரா வாசிக்கற ஆளில்லம்மா. தாளத்துக்கு அரை மூச்சு பிந்தி வருவான். பஸ்ஸை விட்டுட்டான்னு நினைப்போம், பாத்தா படியில தொத்திக்கிட்டிருப்பான். கம்பியை அமுக்கியும் அமுக்காமயும் சிக்குச் சிக்குன்னு தேய்ப்பான் பாரு, பஸ் டிப்போவில நாள் பூரா ஒயரோட மல்லுக்கட்டின என் கை தானா தொடையில தட்ட ஆரம்பிச்சிரும். உன் வீட்டுக்காரன் கண்ணாடிக் கடையில வாயே திறக்காத மனுஷன். இங்க அவன் தலையை ஆட்டற ஆட்டத்துல சொந்தக் கண்ணாடி கழண்டு விழும்.

— போடுங்க. பிளேயர் அந்த ரூம்லயேதான் இருக்கு. நான் எதையும் நகத்தல.

— உனக்குத்தான் இந்தச் சத்தம் ஆகாதே. அதனாலதான கதவைச் சாத்திக்கிட்டு உக்காருவோம்.

— ஆகாதுன்னு நான் சொன்னேனா?

— அவன் சொன்னான்.

— போடுங்கண்ணே.

— சரி... இதோ, டிரம் மட்டும் போகுது பாரு. இப்ப வருவான்.

— இப்ப இல்ல. இன்னும் ரெண்டு சுத்து போகணும். ஆர்கன் ஒரு இழுப்பு இழுக்கும், அப்புறம்தான் கிதார்.

— அட, ஆமா. உனக்கெப்படித் தெரியும்?

— பதினோரு வருஷம்ணே, ஞாயித்துக்கிழமை தவறாம. வெளியில உக்காந்து துணி மடிச்சுக்கிட்டிருப்பேன். துணி தீந்துபோனா, மடிச்சதையே கலைச்சுப் போட்டு மறுபடி மடிப்பேன். நீங்க ரெண்டு பேரும் சிரிக்கற இடத்துல நானும் சிரிப்பேன், சத்தம் வராம.

— ஒரு தடவை கதவைத் தட்டியிருக்கலாமேம்மா.

— நீங்க ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம்.

— சத்தியமா... எங்களுக்குத் தோணவே இல்ல.

— தெரியும். கோவமெல்லாம் இல்லண்ணே. கேளுங்க, முடிஞ்சதும் திருப்பிப் போடுங்க.

— ரெண்டாவது பக்கமுமா? நேரமாகலியா உனக்கு?

— எனக்கென்னண்ணே நேரம்? ஞாயித்துக்கிழமை மத்தியானம் இவ்வளவு நீளம்னு இந்த மூணு மாசமாத்தான் தெரியுது.

— ...ரெண்டாவது பக்கமும் அவ்வளவுதாம்மா. இனி ஒண்ணு பாக்கி, தனியா ஒரே கிதாரு, மெதுவா இழுவையா போகும். இதுக்கு முன்னாடியே நாங்க ஊசியைத் தூக்கிருவோம். கொட்டாவிப் பாட்டும்பான் அவன். எடுத்துரட்டா?

— வேணாம், ஓடட்டும்.

— இதை நீ கேட்டிருக்க வழியே இல்லையே. நாங்க ஒரு நாளும் இதை ஓட விட்டதில்லையேம்மா.

— உங்களைப் பஸ் ஏத்திவிட்டு அவர் திரும்பி வர இருபது நிமிஷம் ஆகும். அந்த இருபது நிமிஷமும் கதவைச் சாத்திக்கிட்டு நான் உள்ள இருப்பேன். இது என் பாட்டுண்ணே. கூட உக்காந்து கேக்க ஒரு ஆள் வந்தது இன்னிக்குத்தான்.